ஊர்ச் சாவடி: யார் கட்டியது, யார் உட்கார்ந்தது, இப்போது யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயம், தாராபுரம், பெருந்துறை, பல்லடம் பக்கம் பழைய ஊர்களில் மாரியம்மன் கோயிலை ஒட்டியோ ஊர்க்கிணற்றுப் பக்கமோ ஒரு சாவடி நிற்கும். இடிக்கலாமா, புதுப்பிக்கலாமா, யாரைக் கேட்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

சாவடி, சத்திரம், மடம் எல்லாம் ஒன்றுதானா?

ஊரில் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். வேலை வேறு. சத்திரம் வழிப்போக்கர் தங்குவதற்கு, வசதி இருந்தால் சோறும் உண்டு. மடம் ஒரு குரு மரபுக்கோ சமூகத்துக்கோ உரியது. சாவடி என்பது ஊர் கூடுகிற, வரி வாங்குகிற, வழக்குப் பேசுகிற இடம்.

அமைப்பைப் பார்த்தால் எளிதில் தெரியும். தரையிலிருந்து உயர்த்திய கல் மேடை. முன்னால் தூண் வைத்த திறந்த தாழ்வாரம். பின்னால் ஒன்றோ இரண்டோ அறை. கதவும் பூட்டும் அந்த அறைக்கு மட்டும்தான். முன்பாதி திறப்பு, பின்பாதி பூட்டு என்ற இந்த அமைப்பால்தான் எந்த வேலை வந்தாலும் கட்டடம் அதற்கு ஈடு கொடுத்தது. ஆகவே சாவடியின் வரலாறு தெரிய வேண்டுமானால் இரண்டு விஷயம் விசாரித்தால் போதும்: அந்தந்தக் காலத்தில் தாழ்வாரத்தில் யார் உட்கார்ந்தார்கள், அறைச் சாவி யாரிடம் இருந்தது.

எங்கள் சாவடி ஐந்நூறு வருஷம் பழசு என்கிறார்கள். நம்பலாமா?

இடம் அவ்வளவு பழசாக இருக்கலாம். கட்டடம் இருக்காது. கல்வெட்டு உள்ள தூண் இருக்கிறதே என்பார்கள். சிதைந்த கோயில் தூணைக் கொண்டுவந்து நட்டது நம் பக்கம் சாதாரணம். கல்வெட்டு தூணின் வயதைச் சொல்லும், கூரையின் வயதைச் சொல்லாது.

கூரையைப் பாருங்கள். தட்டையான சீமை ஓடு என்றால் ஒன்றிரண்டைக் கழற்றி அடிப்பக்கம் பார்க்கலாம், தொழிற்சாலைப் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1862-ல். ஆக, சீமை ஓடு நம் ஊர்க் கூரைக்கு ஏறியதெல்லாம் அதற்கப்புறம்தான். ஆனால் நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுச் சீமை ஓடு போட்ட கட்டடங்களும் நிறைய உண்டு. அதனால் சுவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மண் சுவரா, சுக்காங்கல் சுட்ட சுண்ணாம்பில் கட்டியதா, உத்தரத்துக்குப் பனை மரமா, தேக்கா, பழைய தண்டவாளமா? தண்டவாளம் கிடந்தால் ரயில் வந்த பிறகு கைவைத்த கட்டடம், வேறு சாட்சி வேண்டாம்.

ஆரம்பத்தில் இங்கே என்னதான் நடந்தது?

ஊர்க்கூட்டம், சுங்கம், காவல் எல்லாம் பாளையக்காரர் காலத்திலேயே இருந்தவை. எழுத்துச் சான்று கொஞ்சம் கெட்டியாகக் கிடைப்பது 1799-க்குப் பிறகு. அந்த வருஷம் திப்பு விழுந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1804-ல் வடக்கு, தெற்கு என இருந்த பிரிவுகளை இணைத்துக் கோயம்புத்தூர் ஒரே மாவட்டமானது. விவசாயியிடமே அரசு நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வேரூன்றியதும் ஒவ்வொரு காட்டுக்கும், அதாவது விளைநிலத்துக்கும், இவ்வளவு தீர்வை (நில வரி) என்று கணக்கெழுத வேண்டியிருந்தது. அதற்கு ஊரில் ஓர் இடம் தேவைப்பட்டது.

வரி வாங்கும் ஊர்த் தலைவரான மணியக்காரர், கணக்கெழுதும் கர்ணம், காவல் பார்க்கும் தலையாரி மூவரும் சாவடிக்கு உரியவர்கள். கணக்குச் சுவடிகளும், பிறகு வந்த காகிதக் கணக்குகளும் பின்னறைப் பெட்டியில் இருக்கும், இல்லையென்றால் கர்ணத்தின் வீட்டில். கிஸ்தி, அதாவது தீர்வைத் தவணை, கட்டுகிற காலத்தில் தாழ்வாரம் நிறைந்துவிடும். தாசில்தார் முகாம் வந்தாலும் அங்கேதான். இரவில் தலையாரியும், வண்டி அவிழ்த்துப் போட்ட வெளியூர்க்காரர்களும் படுத்துக்கொள்வார்கள். சாவி மணியக்காரரிடம்.

சாவடியில் ஆளைக் கட்டி வைத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அதைச் சட்டமே அனுமதித்தது. சென்னை மாகாணத்தில் 1816-ல் வந்த ஒழுங்குமுறைகளில் ஒன்று, ஊர்த் தலைவரை முன்சீப் (சிறு வழக்கு நீதிபதி) ஆக்கிப் பத்து ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிக்கச் சொன்னது. அதே வருஷத்தின் இன்னொன்று போலீஸ் வேலையைக் கொடுத்தது. வாய்ச்சண்டை, சிறு அடிதடி போன்றவற்றுக்கு ஒருவரை ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் ‘தாழ்ந்த சாதி’யாக இருந்தால் தொழுமரத்தில் காலை மாட்டி 6 மணி நேரம் வரை உட்காரவைக்கலாம். ஒரே குற்றம், ஒரே ஊர், ஒரே கட்டடம். தண்டனை மட்டும் பிறப்பைப் பார்த்தது. இதைக் கம்பெனி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் இருந்ததை எடுத்துச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியது.

சாவடியைப் பற்றிப் பெருமையாக எழுதும் ஊர் மலர்களில் இந்தப் பகுதியைக் காணவே முடிவதில்லை. தீர்ப்புச் சொன்னவரின் பேரப்பிள்ளைகள் எழுதுகிறார்கள், வேறென்ன.

அப்படியென்றால் சாவடி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லையா?

இல்லை. ஊர்ப்பொது என்ற பேச்சில் ‘ஊர்’ என்பது எந்தத் தெருவோடு முடிந்தது என்று கேட்க வேண்டும். ஊர்த் தலைமையான ஊர்க்கவுண்டரும் கொத்துக்காரரும் மேடையில், மற்றக் குடிகள் தாழ்வார ஓரத்தில். சேரிக்காரர்கள் கீழே மண்ணில் நின்று, துண்டைக் கக்கத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். பெண்கள், எந்தச் சாதியானாலும், வழக்கு அவர்களைப் பற்றியதாக இருந்தால்கூட அந்தப் பக்கம் வருவது அபூர்வம். ‘ஏனுங்க, எங்க அப்பாரு காலத்துல சாவடி முன்னால செருப்புப் போட்டுட்டு நடக்க முடியாதுங்க’ என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பொது இடங்களிலும் கிணறுகளிலும் சாதி பார்ப்பதைத் தடுத்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சட்டம் வந்த மறுநாள் யாரும் மேடையேறி உட்கார்ந்துவிடவில்லை. உட்கார்ந்தது எப்போது என்பதற்குக் கீழே வருகிறோம்.

தாது வருஷப் பஞ்சத்தில் இங்கே கஞ்சி ஊற்றினார்களா?

பல ஊர்களில் அப்படிச் சொல்கிறார்கள். 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டவை. கூரையும் மேடையும் உள்ள ஊர்க் கட்டடத்தில் கஞ்சித் தொட்டி வைத்தது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் தனிச் சான்று வேண்டும். அதேபோலப் பிளேக் காலம். கோயம்புத்தூர் வட்டாரத்தில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் நிற்பதே அந்த நோய் எவ்வளவு ஆட்டியது என்பதற்கு அடையாளம்.

பள்ளிக்கூடமாக இருந்ததா?

தாழ்வாரம் இருந்தால் வாத்தியார் வந்துவிடுவார். மணலில் எழுத்து, ஓலையில் எண்சுவடி, சம்பளம் தானியமாக. பிறகு ஜில்லா போர்டு பள்ளிகள் வந்தபோது, தனிக் கட்டடம் எழும்பும் வரை சாவடியிலேயே வகுப்பு நடந்த ஊர்கள் உண்டு. அப்போது சாவி பகலில் வாத்தியாரிடம், இரவில் மணியக்காரரிடம். கிஸ்தி நாளில் பிள்ளைகளுக்கு லீவு.

சுதந்திரத்துக்குப் பிறகு?

1952 பொதுத்தேர்தலில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட வேண்டியிருந்தது. பல ஊர்களில் அதற்கு இருந்த ஒரே பொதுக் கட்டடம் சாவடி. அப்புறம் பஞ்சாயத்து ரேடியோ. கம்பத்தில் குழாய் கட்டி, சாயங்காலம் செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் போடுவார்கள். ரேடியோப் பெட்டி பின்னறையில் பூட்டியிருக்கும், சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். நீலகிரியின் பைக்காராவில் 1932-ல் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதால் கோவைப் பக்கம் மின்சாரம் வேறு பல இடங்களைவிட முன்னதாகவே வந்துவிட்டது. பம்புசெட்டு வந்ததும் விவசாயிகள் பேச்சும் மாறியது. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, விவசாயிகள் இறந்தார்கள். அந்தக் காலத்தில் தீர்வை கட்டிய இடத்திலேயே ‘கட்ட மாட்டோம்’ என்ற கூட்டமும் நடந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்கலாம்.

மணியக்காரர் முறை எப்போது போனது? அதற்கும் சாவடிக்கும் என்ன?

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக வந்த மணியமும் கர்ணமும் அதோடு முடிந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அந்த இடத்துக்குத் தேர்வெழுதி வந்தவர்கள் கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.). வேறு ஊர்க்காரர்கள், பல நேரம் வேறு சாதிக்காரர்கள்.

சாவடிக்கு இதைவிடப் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. சில ஊர்களில் புது வி.ஏ.ஓ. அங்கேயே உட்கார்ந்தார். சில ஊர்களில் பழைய மணியக்காரர் சாவியைக் கொடுக்கவில்லை. ‘கணக்கைத்தான் ஒப்படைக்கச் சொன்னாங்க, கட்டடத்தை இல்லீங்களே’ என்ற வாதம் கேட்டதுண்டு. வி.ஏ.ஓ. வாடகை அறைக்குப் போய்விட்டார். சாவடி ஆளில்லாமல் கிடந்தது, அல்லது மணியக்காரர் வீட்டு மாட்டுத்தீவனம் அதில் ஏறியது. இன்று வரும் உரிமைத் தகராறுகளில் பாதி அந்த ஒன்றிரண்டு வருஷத்தில் தொடங்கியவை என்பது என் கணிப்பு.

ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் எப்படி உள்ளே வந்தன?

காலியிடம் இருந்தது, தேவையும் வந்தது. 1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவுத் திட்டம் கிராமங்களில் தொடங்கியபோது ஒரே நாளில் அத்தனை ஊருக்கும் சமையல் கூடம் கட்ட முடியாது. சாவடி, கோயில் மண்டபம், பள்ளித் தாழ்வாரம் என்று கிடைத்த இடத்தில் அடுப்பு மூட்டினார்கள். கூட்டுறவுச் சங்கமும் ரேஷன் கடையும் இதேபோல வந்தவை.

இங்கேதான் முன்பு விட்ட கேள்விக்குப் பதில். அதிகாரம் குடியிருந்த வரைக்கும் சாவடி பொதுவாக இல்லை. அதிகாரம் கிளம்பிப் போய், அரிசியும் மண்ணெண்ணெயும் வந்த பிறகுதான் எல்லாத் தெருவும் மேடை ஏறியது. பழையவர்கள் ‘சாவடி மரியாதை போச்சு’ என்று வருத்தப்படுவது இதைத்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. தொழுமரம் கிடந்த இடத்தில் தட்டு வைத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தது சாவடிக்குக் கிடைத்த மரியாதை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லக் கூடாது. 2018-ல்கூட அவிநாசி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சமூகப் பெண் சமைக்கக் கூடாது என்று தகராறு செய்து, வழக்கு வரை போனது.

உர மூட்டை வைத்திருந்த அறையின் சுவர் மட்டும் பொரிந்து பொரிந்து விழுகிறது. ஏன்?

கூட்டுறவுச் சங்கக் கிடங்காக இருந்த எல்லாச் சாவடியிலும் இதே கதைதான். உரம் பெரும்பாலும் உப்பு. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கரையும், சுவருக்குள் இறங்கும். வெயில் காலத்தில் ஈரம் காயும்போது உப்பு செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே மணிமணியாகக் கட்டும். அது விரியும்போது பூச்சைத் தள்ளிவிடும். வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். மூட்டைகளை எடுத்துவிட்டாலும் உள்ளே போன உப்பு ஒவ்வொரு மழைக்கும் கரைந்து ஒவ்வொரு கோடைக்கும் பூக்கும்.

இதற்கு எல்லோரும் செய்கிற வைத்தியம் சிமெண்டு பூசுவது. அது வியாதியைக் கூட்டும். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மெதுவாக வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் வழி அடைபடும். இடுப்பளவில் நின்ற ஈரம் தலையளவுக்கு ஏறும், மண் சுவராக இருந்தால் உள்ளே கூழாகும். தரைக்கு டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதை. கற்பலகை இடுக்குகளில் ஆவியாக வேண்டிய ஈரம் சுவர்ப் பக்கம் திரும்பும்.

செய்ய வேண்டியது இது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும். குழைத்த களிமண்ணையோ காகிதக் கூழையோ கனமாக அப்பி, காய்ந்ததும் உரித்தால் உப்பு அதோடு வரும். இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டியிருக்கும். பிறகு நன்றாகப் புளித்த சுண்ணாம்பும் மணலும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் கலந்து பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் கோயில் திருப்பணி செய்கிறவர்களிடம் கேட்டால் ஆள் கிடைக்கும். வெளிப்பக்கம் சுவரோரம் மேடாகிவிட்ட மண்ணையும், பிறகு போட்ட காங்கிரீட் ரோட்டிலிருந்து வழியும் தண்ணீரையும் முதலில் கவனியுங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, சாவடி தாழ்கிறது.

இப்போது சாவடி யாருக்குச் சொந்தம்?

சாவி வைத்திருப்பவருக்குச் சொந்தமில்லை, அது நிச்சயம். ஊரின் நிலங்களைப் பட்டியலிடும் கிராம ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே குறிப்புக் கலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘சாவடி’ அல்லது ‘புறம்போக்கு’ என்று இருந்தால் அது பொதுச் சொத்து. தனியார் பெயர் இருந்தால் உடனே சோர்ந்துவிட வேண்டாம். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவுகளிலும், பிறகு நடந்த நத்தம் (குடியிருப்பு நிலம்) அளவையிலும் பெயர் மாறிப் போன கதைகள் ஏராளம். அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

‘முப்பது வருஷமாக எங்கள் கையில் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால்? தனியார் நிலத்தில் அனுபவ பாத்தியம், அதாவது நீண்ட நாள் அனுபவித்ததால் வரும் உரிமை, கோர 12 வருஷம் போதும். அரசு நிலத்துக்கு 30 வருஷம், அதையும் வெளிப்படையாக, தொடர்ந்து, சொந்தம் கொண்டாடி அனுபவித்ததாக நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சாவி வைத்திருந்ததும் வைக்கோல் போட்டதும் மட்டும் அதற்குப் போதாது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உரிமைப் பத்திரம் ஆகாது. புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் கையில் இருக்கிறது.

பழைய ஆவணங்களைத் தேடி எங்கே போவது?

முதலில் உங்கள் ஊர் எந்தெந்த மாவட்டத்தில் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். காங்கயம், தாராபுரம் பக்கத்து ஊர் என்றால் 1979 வரை கோயம்புத்தூர், பிறகு பெரியார் மாவட்டம், அதுவே ஈரோடு என்று பெயர் மாறியது, 2009 முதல் திருப்பூர். பல்லடம், அவிநாசி, உடுமலை என்றால் கோயம்புத்தூரிலிருந்து நேராகத் திருப்பூர். நாமக்கல் பக்கம் என்றால் 1997 வரை சேலம். காகிதங்கள் எல்லாம் ஊரோடு சேர்ந்து புது ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்துவிடவில்லை. ‘இங்கே இல்லை’ என்று ஓர் அலுவலகத்தில் சொன்னால் முந்தைய மாவட்டத்தில் கேளுங்கள். பழைய வருவாய்த் துறைப் பதிவுகளுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஊராட்சியில் சொத்துப் பதிவேட்டையும் பழைய தீர்மானப் புத்தகங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தீர்மானப் புத்தகம் சுவாரஸ்யமானது. யார் எப்போது வெள்ளையடிக்க எவ்வளவு கேட்டார் என்பதுகூடக் கிடைக்கும்.

சாவடிக்குள் பிள்ளையார் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே வைத்தால் சில வருஷத்தில் அது கோயில். பிறகு யார் பூசாரி, யார் தர்மகர்த்தா, யார் எதுவரை வரலாம் என்று பழைய வரிசை திரும்ப வரும்.

இடித்துவிட்டுச் சமுதாயக் கூடம் கட்டினால் என்ன?

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர்கள் இறந்த பிறகு, பழைய கட்டடம் என்றாலே பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் நியாயமானது. பிள்ளைகள் வந்துபோகும் இடமாக இருந்தால் ஒன்றியப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சுவர் சாய்ந்து, உத்தரம் கரையான் அரித்துப் போயிருந்தால் பழமை என்பதற்காக மட்டும் பிடித்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓடு ஒழுகுவதும் பூச்சு உதிர்வதும் இடிக்கிற காரணமில்லை. அவை வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததன் அடையாளம். நாட்டு ஓட்டை மழைக்கு முன் மாற்றி அடுக்குவது ஊர் வேலையாக இருந்தது. இப்போது யாருடைய வேலையும் இல்லை. கல்யாணத்துக்கு எல்லோரும் டவுன் மண்டபத்துக்குப் போகும் காலத்தில் இன்னொரு கூடம் எதற்கு என்பதையும் யோசியுங்கள்.

சரி, வேறு என்னதான் வைக்கலாம்?

முன்பாதி திறப்பு, பின்பாதி பூட்டு என்ற அமைப்புக்கு ஒத்துவருவதை வையுங்கள். பால் கூட்டுறவுச் சங்கம் நன்றாகப் பொருந்தும். காலையும் மாலையும் ஆள் வரும், தாழ்வாரத்தில் பால் ஊற்றலாம், அறையில் கணக்கும் கேனும். மகளிர் குழுக் கூட்டம், இ-சேவை மையம், படிப்பகம் எல்லாம் சரி. நூலகம் மட்டும் என்றால் ஆள் போட வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய ஊராட்சி நூலகங்கள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். உரம், உப்பு, சிமெண்டு மூட்டை மட்டும் வேண்டாம்.

எதை வைத்தாலும் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. கட்டடத்தின் புல எண், அளவு, என்ன பயன், யார் பராமரிப்பு, சாவி எந்தப் பொறுப்பில் இருப்பவரிடம் (ஆளின் பெயர் அல்ல) என்று எழுதச் சொல்லுங்கள்.

திண்ணையில் சீட்டு ஆடுகிறவர்களை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். ஓடு நகர்ந்தால், பின்னறைப் பூட்டை யாராவது ஆட்டினால், முதலில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். பெண்களும் பிள்ளைகளும் வந்து உட்கார இடம் விடுகிறார்களா என்பதை மட்டும் பாருங்கள். காசு வைத்து ஆடினால் அது போலீஸ் விஷயம்.